கத்திரி வெயிலில் மஃப்ளர் நூல்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் செங்கொடி தேரடிப் பக்கம் கிளம்பிவிடுவாள். திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது இக்னேஷியஸின் உல்லன் நூல் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். குழந்தைக் குல்லாய், வாசல் தோரணம், டிவிக்கு உறை என்று எதையாவது குரோஷா ஊசியில் பின்னிக்கொண்டே இருப்பாள் செங்கொடி. பத்து வருட வாடிக்கை. புதுக் கலர் வந்தால் அவளுக்கென்று தனியே எடுத்து வைப்பார் இக்னேஷியஸ். உட்கார ஸ்டூலும் அவளுக்கு மட்டும் உண்டு.

2003ஆம் வருடம், கத்திரி வெயில் நேரம். அன்று அவள் புதுக் கலர் எதையும் தொடவில்லை.

"நைனா, தடியா பழுப்பு நூல் கீதா? மஃப்ளர் போடணும்."

அலமாரிக்குப் போன இக்னேஷியஸின் கை அங்கேயே நின்றது. "யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தான். சாயங்காலம் ஆனா குளுருதுன்னு பல்லு கிட்டிக்கினு நடுங்குறாரு. ரெண்டு போர்வை போத்தியும் அடங்கல."

அவள் கணவன் டில்லிபாபு இரண்டு மாதமாக மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய பித்தளை உருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். டிசம்பர்லயே மஃப்ளர் நூல் கேட்டு யாரும் வர மாட்டாங்க. இந்த மாசம் நீ மூணாவது ஆளும்மா" என்றார் இக்னேஷியஸ். மற்ற இருவரில் ஒருத்தி மாத்தூர் வேம்பு. இன்னொருத்தி எண்ணூரிலிருந்து வரும் மோகனப்ரியா, புதுசாகக் கல்யாணமான பெண். பத்தாமல் போய்விட்டது என்று அவள் இன்னும் இரண்டு நூல்கண்டு கேட்டிருந்தாளாம்.

அடுத்த சனிக்கிழமை செங்கொடி சீக்கிரமே போய்க் காத்திருந்தாள். வேம்பு வந்தாள். நாற்பது வயதிருக்கும். செங்கொடி மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க வூட்டுக்காரரு எங்கக்கா வேலை செய்றாரு?"

"பித்தளைப் பட்டறையில." வேம்பு அவளை உற்றுப் பார்த்தாள். "உன் ஆளும் அங்கதானா? வாயெல்லாம் இனிக்குதுன்றாரா?"

முந்தின நாள்தான் டில்லிபாபு சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, "இன்னாமே இவ்ளோ தித்திப்பு?" என்று முகத்தைச் சுளித்திருந்தான்.

"அந்த எண்ணூர் பொண்ணும் வரட்டும் நைனா. மூணு பேருமா பட்டறைக்கே போய்க் கேப்போம்" என்றாள் செங்கொடி.

இக்னேஷியஸ் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "அது வராதும்மா. அது புருஷன் செத்துப்போயி வியாழக்கிழமை எடுத்துட்டாங்க."

வீட்டில் செங்கொடி இதைச் சொன்னபோது டில்லிபாபு சிரித்தான். "அது திங்கக்கெளம குளுருமே. லீவு முடிஞ்சி போனா எல்லாத்துக்கும் வரும், ரெண்டு நாள்ல பழகிடும். பொகைக்கு மாத்துன்னு மேஸ்திரி டெய்லி வெல்லம் குடுக்குறாரு. செத்தவனுக்கு முன்னாடியே நெஞ்சு வீக்கு." இவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை செங்கொடியும் வேம்பும் கடையில் இருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பெண் குழந்தைக்கு ரோஸ் கலர் காட்டச் சொன்னார். நூலை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டே, "நீ டில்லிபாபு சம்சாரம்தானேம்மா?" என்றார்.

அவரைச் செங்கொடி அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"பட்டறை மேஸ்திரி நான். ஆம்பளைங்க வேலை செய்ற எடத்தைப் பத்தி நூல் கடையில இன்னா பேச்சு?" அவர் குரல் உயரவே இல்லை. இக்னேஷியஸ் பக்கம் திரும்பினார். "நல்ல எடம் பெரியவரே. வாடகையா? ஓனரு யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் நூல்கண்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைத் திரும்ப அலமாரியில் வைக்க இக்னேஷியஸுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேம்பு ஒன்றும் வாங்காமல், சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

"கொஞ்ச நாளைக்கு நீ வராத தாயி" என்றார் இக்னேஷியஸ். "எனக்குப் பயமா இருக்கு."

திங்கட்கிழமை காலை செங்கொடி கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். டில்லிபாபு கத்தினான், கையை ஓங்கினான். "அட்ச்சிக்கோ. தாலிய எடுத்துக் கைல குட்த்துட்டு அப்பறமா போ" என்றாள். ஒன்பது மணிக்கு அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரோரம் படுத்தான். அன்று சாயங்காலம் அவனுக்குக் குளிரவில்லை. அடுத்த வாரமே காசிமேட்டில் ஐஸ் கட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். படி ஏறினால் இளைப்பது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

ஆடியில் செங்கொடி மறுபடி கடைக்குப் போகத் தொடங்கினாள். அந்த மாதம் முழுக்க வேம்பு வரவில்லை. மனசு கேட்காமல் செங்கொடி மாத்தூருக்குப் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். பூட்டியிருந்தது. கொடியில் ஒரு சின்னச் சட்டை பல நாளாக யாரும் எடுக்காமல் காய்ந்து விறைத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"வேம்பக்கா எங்க போயிருக்காங்க?"

அந்தப் பெண் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நீயும் பட்டறை ஆளா?" என்று கேட்டாள். செங்கொடி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.