வைகுண்டமணி குனிந்த நாள்

நாற்பது வருடம் பனையேறிய வைகுண்டமணிக்கு முதுகெலும்பு தேய்ந்து, உடம்பு முன்பக்கமாக வளைந்துவிட்டது. இனி தானாக நிமிராது, வலியும் போகாது என்று நெய்யூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஒடுக்கப்பட்டவர்களையும் தலைப்பாகை கட்டி நிமிரச் சொன்ன அய்யாவழியில் தலைப்பாகை கட்டியவன் எந்தக் கொம்பனுக்கும் குனியக் கூடாது என்று வாழ்ந்த மனுஷன். பண்ணையார் தாணுமாலயனுக்கு அதில் தீராத எரிச்சல்.

1953இல் ஒருநாள் கருங்கல் சந்தையில் பண்ணையார் அவரைப் பார்த்துச் சிரித்தார். “கடைசியில எனக்க முன்னால குனிஞ்சிட்டியா, மணி?”

வைகுண்டமணி பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தால் மட்டும் அந்த முதுகு கொஞ்சம் நிமிரும். சாய்ந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். சந்தைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

“காதும் மந்தமாயிட்டு. என்ன சொன்னீரு? நல்லா குனிஞ்சு சொல்லும்.”