முந்தி வந்த கதிரைகள்

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார். கேட்டால், "ஒரு செத்தவீட்டுக்குப் போகோணும் பிள்ளை, வந்து சாப்பிடுறன்" என்பார்.

அவர் துறைமுகப் பட்டறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அதன்பின் எங்கள் பகுதியின் மரண உதவிச் சங்கம்தான் அவருக்கு வேலை. எந்த வீட்டில் மரணம் நடந்தாலும், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் பந்தலும் சனம் உட்காரக் கதிரைகளும் போய் இறங்க வேண்டும் என்று சங்கத்தாரைப் பழக்கியிருந்தார். அம்மாவுக்குப் பாரிசவாதத்தில் ஒரு கை விழுந்துவிட்டது. தினமும் அவளுக்குத் தலையிழுத்துக் கொண்டை போட்டுவிட்ட பிறகுதான் வெளியே போவார்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் எண்டொஸ்கொப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. ஸ்டென்ட் (அடைத்த இடத்தை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். கஞ்சி இறங்கியது. சில மாதங்களில் அதுவும் நின்றது.

வார்டுக்கு அவரைப் பார்க்க வந்தவர்கள் மிகக் குறைவு. அந்த மனிசனை அப்படிப் பார்க்க மனம் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். இதை வாசிக்கும் உங்களுக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம். அது அன்பு என்று நான் இன்னும் நம்பவில்லை.

டொக்டர் அப்பாவிடமே சொன்னார்: "ஐயா, இனி நோவுக்கு மட்டும்தான் மருந்து தரலாம். வீட்டை போக விருப்பமோ?"

"ஓம் டொக்டர். வீட்டிலை எண்டால் ஆக்கள் வந்து போவினம்."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

வாடகை வானில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். எலும்பும் தோலுமாக, துணி போர்த்தி இறக்கியவரைக் கண்டதும் அம்மா குழறி அழுதாள். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டது.

சற்று நேரத்தில் சங்கத்துச் சாமான் ஏற்றும் லாண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய சிறு உழவு இயந்திரம்) வந்து நின்றது. கதிரைகளை இறக்கினார்கள். பந்தல் கால்களில் இரண்டை நட்டும் விட்டார்கள். பின்னால் சனம். இத்தனை மாதமும் வராதவர்கள் எல்லோரும் வந்தார்கள். எனக்குச் சத்தமாகக் கதைத்துப் பழக்கமில்லை. வாசலில் நின்று, இல்லை இல்லை என்று கையை மட்டும் ஆட்டினேன்.

அப்பா யன்னலால் பார்த்துவிட்டார். "என்னை வெளியிலை கொண்டுபோங்கோ" என்றார். என் தம்பி தூக்கிவந்து அந்தக் கதிரைகளில் ஒன்றில் இருத்தினான்.

அப்பாவுக்குப் பின் சங்கத்தைப் பொறுப்பெடுத்த குலம் அண்ணன்தான் வாய் திறந்தார். "அண்ணை, நாங்கள் பிழையாக் கேள்விப்பட்டிட்டம்..."

"பிழையில்லையடா. கொஞ்சம் வெள்ளன வந்திட்டியள். வந்தது வந்தாச்சு, இருங்கோவன். தேத்தண்ணி குடிப்பம்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார். ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. பந்தல் கால்களைப் பிடுங்கினார்கள், கதிரைகளை ஏற்றினார்கள். அப்பா இருந்த கதிரையைக் கேட்க மட்டும் அவர்களுக்கு வாய் வரவில்லை. ஊற்றிய தேத்தண்ணி குசினியில் ஆறிப்போனது.

அதன்பின் மூன்று வாரத்துக்கு மேல் அவர் இருந்தார். ஏலுமானவரை, கட்டிலில் சாய்ந்தபடியே அம்மாவுக்குத் தலையிழுத்துவிட்டார். வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் கண் திறப்பார்.

"ஆரது பிள்ளை?"

"பால்காரர் அப்பா."

"அண்டைக்குக் கதிரையோடை வந்தவையளுக்கு வெக்கமாக்கும். பாவங்கள்."

எனக்கு அந்தப் பெரிய மனம் இல்லை. வெட்கத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு பத்து நிமிடம் வந்து இருந்திருக்கலாம்.

அவர் போன காலையில் லாண்ட்மாஸ்டர் வரவில்லை. குலம் அண்ணன் மட்டும் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே நின்றார்.

"பிள்ளை, இந்த முறை நிச்சயந்தானே?"

நான் உள்ளே போய் அப்பாவின் நெஞ்சில் கை வைத்தேன். முன்பே வைத்துப் பார்த்த கைதான், ஆனாலும் அதை நம்ப ஏலாமல் இருந்தது. பிறகு வந்து தலையாட்டினேன்.

இப்போது அம்மாவை எழுப்பப் போகும் ஒவ்வொரு விடியலிலும் என் கை அவளுடைய மூக்கருகே போய் நிற்கிறது. விரலில் மூச்சுப் படும்வரை எனக்கு அந்த நாள் தொடங்குவதில்லை.