மூன்றாம் நாள் பால்

டின்பாலின் இனிப்பு வாசமே எனக்கு ஆகாது. இப்போது நான் இருக்கும் பாரோயில் எந்தக் கடைக்குப் போனாலும் பால் கலக்காத "தே ஓ"தான் கேட்பேன், சர்க்கரை வியாதியா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

மலாயாவில், ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி வந்தது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். எங்கள் இடுகாடு வேலிக்கு வெளியே போய்விட்டது. முதன்முதலில் காட்டை வெட்ட வந்து காய்ச்சலில் போனவர்களிலிருந்து எங்கள் ஜனம் எல்லோரும் அங்கேதான். கல்லும் பெயரும் கிடையாது, தலைமாட்டில் ஒரு செடி. யாருக்கு எந்தச் செடி என்பது லயத்துக்கே மனப்பாடம்.

ஐந்து மாதத் தம்பி வயிற்றுப்போக்கில் போனான். அப்பா அவன் தலைமாட்டில் செம்பருத்திக் குச்சி நட்டார். மூன்றாம் நாள் பால் தெளிக்க டம்ளரில் டின்பால் கரைத்துக்கொண்டு போனவரை, கேட்டிலிருந்த "மாத்தா மாத்தா" போலீஸ்காரர் நிறுத்தி, தின்கிற குடிக்கிற பொருள் எதுவும் வெளியே போகக் கூடாதென்று மண்ணில் கொட்டிவிட்டார். அப்பா காலி டம்ளரோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"பாலில்லாம எம்புள்ள பசியோட கெடக்குமே," என்றாள் அம்மா. அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமே எங்களிடம் கிடையாது. ஆனாலும் அப்பா தடுக்கவில்லை.

கேட்டில் பெண்களைச் சோதனை போடும் வேலை எங்கள் லயத்து அஞ்சலை அக்காவுக்கு. அந்த வேலைக்குப் போனதிலிருந்து அவரை லயத்தில் யாருக்கும் பிடிக்காது. மடியை உதறிப் பார்த்தவர், அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்ததையும் பார்த்தார். முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்திவிட்டு, "ஒன்னுமில்ல, போகட்டும் லா," என்றார்.

செம்பருத்திக் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா தன் மார்பிலிருந்தே பாலைப் பீய்ச்சினாள். விழ விழ மண் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வற்றும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் அழுததாக நினைவில்லை. இதை எழுதும்போதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. எந்தச் செடி யாருடையது என்று சொல்லத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அம்மா போன மூன்றாம் நாள் ஒரு பெட்டிப் பால் வாங்கினேன், யாரும் என்னை நிறுத்தவில்லை. அவளுக்குத் தெளித்தது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு தம்பி இருந்த பக்கம் போனேன். தார் ரோடும் வரிசையாகக் கார்களும். எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தேன்.