சுவரின் வடக்குப் பக்கம்

போன ஆனி மாதம் என் வீட்டுக்காரருக்குப் பொய்யன் என்ற பட்டம் கிடைத்தது. பேரணாம்பட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலை நிழலில்தான் காயவைப்பார்கள். வெயில் பட்டால் விறைத்துக் கறுத்துவிடும். அதற்கென்றே மார்கழியில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அதன் வடக்குப் பக்கம் அப்போது நாளெல்லாம் நிழல். பிறகு சரக்கு இல்லாமல் அந்த இடம் பங்குனியிலிருந்து சும்மா கிடந்தது.

ஆனியில் சரக்கு வந்தது. மேகமூட்டமான காலையில் அவர் தோல்களை அங்கே தொங்கவிட்டு உள்ளே போனார். மத்தியானம் வந்து பார்த்தால் எல்லாம் விறைத்துக் கிடந்தன.

"சீக்கிரம் காயட்டும்னு வெயில்ல போட்டுட்டு, அப்புறம் இங்க கொண்டாந்து மாட்டிட்ட. அதானே?" என்றார் முதலாளி.

"சொவத்துக்கு இந்தப் பக்கம்தான் மாட்டுனேன் முதலாளி. வேற எங்கயும் போடல."

"வடக்குப் பக்கம் இன்னா வெயிலு? பொய் சொல்ற ஆளு எனக்கு வேணாம். நாளைலருந்து வராத."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. ஆனி வந்தால் வாசலில் வெயில் விழும். அதன் காரணத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தும் இருக்கிறேன்.

"நாளைக்கு மத்தியானம் அந்த இடத்த வந்து பாருங்க முதலாளி. அப்புறம் அனுப்புங்க" என்றேன்.

மறுநாள் பார்த்துத்தானா வானம் மூடிக்கொள்ள வேண்டும்? முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்; என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்றார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பூமி ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது; மார்கழியில் நம் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருப்பதால் உச்சி வெயில் தெற்கிலிருந்து வரும்; ஆனியில் சூரியன் பக்கம் சாய்ந்திருப்பதால் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே நிற்கும். காலண்டரில் அயனம் மாறுவது ஆடி, தை என்று போட்டிருந்தாலும் சூரியன் திரும்புவது ஆனியிலும் மார்கழியிலும்தான் என்றேன்.

"போதும்மா. ஒன் வீட்டுக்காரன் கெளம்பட்டும்."

முதலாளி திரும்பும்போது மேகம் விலகியது. சுவரின் வடக்குப் பக்கம் முழுக்க வெயில். நிழல் தெற்கே ஒடுங்கிக் கிடந்தது.

முதலாளி அதைப் பார்த்தார். பிறகு, "சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

என் வீட்டுக்காரர் அசையவில்லை. "நான் சொன்னப்ப நம்பல. வெயிலு வந்து சொல்லணுமா முதலாளி?"

இவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானும் என் பையை எடுத்துக்கொண்டேன்.