பதினேழு தடவையும் படியாத கட்டைவிரல்

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், விதைக் கிடங்கு ஊழியர்களுக்குக் கொடைக்கானலில் ஒரு பயிற்சி வைத்தார்கள். தலைப்பு: ‘ஹேக்கர் போலச் சிந்திப்போம்’. மூன்று நாள், 114 ஸ்லைடு, ஆளுக்கு இரண்டு சமோசா. “எந்த ரூலையும் ஏன்னு கேளுங்க” என்றார் பயிற்சியாளர். தினமும் நான்கு முறை வருகைக் கையெழுத்து ஏன் என்று நான் கேட்டேன். “அது ரூல் சார்” என்றார்.

அடுத்த வாரம் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களுக்கு விதைப்பூண்டு வழங்கினோம். பட்டியலில் 63 பேர். ஸ்கேனரில் வைக்கும் விரல்ரேகை ஆதார் பதிவோடு பொருந்தினால்தான் பில் வரும். கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு சர்வரை மூடிவிடுவார்கள். மூன்று இருபதுக்கு மீதமிருந்தவர் ஒருவர், மேல்மலைப் போளூர் கிராமத்துப் பேச்சியம்மாள்.

“வலது கட்டைவிரலை வைங்கம்மா.”

வைத்தார். சிவப்பு விளக்கு. கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி மொத்தம் பதினேழு தடவை வைத்தார். பதினேழும் சிவப்பு.

“ரேகையே இல்லையேம்மா!”

“பூடு ஒடைக்கிற கையில ரேகை எங்கிட்டு சார் கெடக்கும்? பாத்தி கட்டி நாலு நாளாச்சு. இன்னைக்கு வெதை கெடைக்கலைன்னா இந்தப் போகம் காடு சும்மாதான் கெடக்கும்.”

அதிகாரிக்கு போன் செய்தேன். “மெஷின் ஒத்துக்கலைன்னா நாம என்னய்யா பண்றது? பேரை அடிச்சிட்டு சோலியை முடிங்க” என்றார்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“சார், கட்டைவிரல்தான் வேணும்னு மெஷின் கேட்டுச்சா, நீங்க கேக்குறீங்களா?” என்றார் பேச்சியம்மாள்.

‘வலது கட்டைவிரல் மட்டும்’ என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினேன்.

“அதை எழுதுனது யாரு?”

“நான்தான்.”

காரணம் ஒன்றுமில்லை. பதிவேட்டில் மை தொட்டு உருட்டிய காலத்திலிருந்து கட்டைவிரல்தான் பழக்கம். திரையைப் பார்த்தேன். ‘விரலை வைக்கவும்’ என்று மட்டும் இருந்தது. ஐந்து ஆண்டுகளாக அப்படியேதான் இருந்திருக்கிறது.

“வெரசா பாருங்க சார், பஸ்ஸு போயிரும். இந்தா, இடது கை சுண்டுவிரலு. எங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு வேலையும் பாக்காது. இதுல ரேகை அழியாம இருக்கும்.”

வைத்தார். பச்சை. மணி மூன்று நாற்பத்தொன்று. மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதிகாரியிடம் சொன்னேன். “இதுதான்யா ஹேக்கர் மைண்ட்செட்!” என்று குதூகலித்தார். திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது: இனி விவசாயிகள் அனைவரும் இடது சுண்டுவிரலை மட்டுமே வைக்க வேண்டும். நான்கு பிரதிகள்.

பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தேன். சுவரில் ஒட்டவில்லை. வந்தவர்களிடம், “எந்த விரல் படியுதோ அதை வைங்க” என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரின் பெயரை அடிப்பதற்கு முன், தடுப்பது கருவியா, கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளா என்று பாருங்கள். பணிக்காலத்தில் நான் எழுதி ஒட்டிய அறிவிப்புகளை எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு. அவற்றில் மேலிடம் கேட்டவை மூன்று.