கொப்பரைத் தட்டில் காய்ந்த இலை

முதல் குடுவையை மேடமேதான் கழுவுவார். காலை ஏழேகாலுக்கு, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் வந்து நிற்பார். மூன்று தடவை குழாய்த் தண்ணீர், மூன்று தடவை வடித்த தண்ணீர். பிறகு கடல் தெரியும் ஜன்னல் பக்கமாகக் குடுவையைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஒரு துளி ஒட்டிக்கொண்டு நின்றாலும் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. மனசுக்குப் பிடித்துவிட்டால் உதட்டுக்குள்ளேயே "பிஸ்மில்லாஹ்" என்பார். என் பக்கம் திரும்பி, "இனி உங்க ராஜ்ஜியம் ஜெயமணியக்கா" என்பார். அப்புறம் சாயங்காலம் வரை அந்தத் தொட்டிப் பக்கமே வரமாட்டார்.

டாக்டர் ஷாஹிதா மேடம் போர்ட் பிளேரில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர். அதே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் மஸ்தூர் நான். பதினான்கு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அவருடைய வாப்பா அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார்; பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். மேடத்துக்கு ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். கறுப்புத் தேநீரில் ரஸ்க்கை முக்கி, அது உடைந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் சரியாக எடுத்துவிடுவார். ஒரே ஒரு நாளைத் தவிர அது விழுந்து நான் பார்த்ததில்லை.

எடை, அளவு, மணி எல்லாவற்றையும் இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வது அவர் பழக்கம். மத்தியானத்துக்குள் கை முழுக்க எண்ணாகிவிடும். தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யப் போகும்முன் அத்தனையையும் நோட்டில் ஏற்றிவிடுவார், ஏனென்றால் தண்ணீர் பட்டால் போய்விடும். "கணக்கை மறைச்சு வச்சிட்டு அல்லாஹ் முன்னால போய் நிக்க முடியாதுல்ல அக்கா" என்று சிரிப்பார். எலிகளைப் பிள்ளைங்க என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை எந்தப் பிள்ளைக்கும் ஊசி கிடையாது.

ஒரே ஒரு குறை, அவருக்கு மூக்கு வேலை செய்யாது. இத்தனை வருடம் ஸ்பிரிட்டும் ஈதரும் முகர்ந்து முகர்ந்து செத்துப்போய்விட்டது. "வீட்ல பிரியாணி கருகுனாக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் சொல்லணும்."

எழுதுகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, இலை பறித்தவர், எலிக்குத் தீனி போட்டவர், கண்ணாடி கழுவியவர் பெயர்களைப் போடுவார். வேறு எவரும் அப்படிப் போடுவதில்லை என்று ஆபீசில் சொல்லிக்கொள்வார்கள். "படிச்சவங்க பேரு மேல இருக்கட்டும். கை வச்சவங்க பேரு கீழயாச்சும் இருக்கணும்ல" என்பார். அப்படி என் பெயர் இருபத்தொரு கட்டுரையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதில் ஒரு வரியும் வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷில் என் பெயருக்கு என்ன உருவம் என்று மட்டும் தெரியும். தூண்டில் மாதிரி ஒரு எழுத்தில் ஆரம்பிக்கும்.

அந்த இருபத்தொன்றில் ஒன்றுதான் உலகம் சுற்றியது. மூட்டு வீங்கினால் வட அந்தமானில் திக்லிபூர் பக்கம் ஒரு காட்டுக்கொடியின் இலையை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். அந்த இலையின் சாறு எலியின் பாதத்து வீக்கத்தை எப்படி வற்றவைக்கிறது என்று ஒன்பது வருடம் முன்னால் மேடம் எழுதினார். லக்னோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் கூடச் சேர்ந்து எழுதிய கட்டுரை. அதை வைத்து மேற்கொண்டு ஆராய்ச்சி செய்து, மேடத்தின் பெயரைச் சொல்லி எழுதியவர்கள் இருநூற்று அறுபத்து மூன்று பேர். திங்கட்கிழமைதோறும் கம்ப்யூட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் அதைச் சாயந்திரம் முருகன் கோவிலில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

பெயர் சொல்வதில் அப்படி என்ன என்று ஒருநாள் கேட்டேன். "உங்க லம்பா லைன் ஏரியால தண்ணி லாரி வந்தா எப்படிப் பிடிப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டார். வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றுவோம் என்றேன். "அதேதான். முதல் ஆளு கலங்கல் தண்ணியப் பிடிச்சா கடைசி வீடு வரைக்கும் கலங்கல்தான்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

போன வருடம் மழை தொடங்கும் சமயம், மலேசியாவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண் ஒருத்தியின் கடிதம் கம்ப்யூட்டரில் வந்தது. அதே கொடி, அதே முறை, இரண்டு வருடமாகச் செய்கிறாள், வீக்கம் வற்றவில்லை. உன் கை சரியில்லை, படிப்பை விட்டுவிடு என்கிறாராம் அவளுடைய பேராசிரியர். என் கையில் என்ன தவறு என்று நீங்கள் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். மேடம் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அன்றைக்குத்தான் ரஸ்க் தேநீரில் விழுந்து கரைந்துபோயிற்று.

திக்லிபூரில் மேடத்துக்கு இலை பறித்துத் தருகிறவர் ஜெகநாதன் அண்ணன். அவரிடம் சொல்லிப் புது இலை வரவழைத்து, மேடம் தானே செய்து பார்த்தார். வற்றவில்லை. இரண்டாம் முறையும் வற்றவில்லை. மூன்றாவது முறை குடுவைகள் என் தொட்டிக்கு வந்தபோது, வெந்நீர் ஊற்றிக்கொண்டே சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மேடம், இப்ப வர்ற இலைல அந்தக் கொப்பரை வாசமே இல்லையே."

"எந்த வாசம்?"

"மொதல்ல வந்ததுல இருக்குமே. வெந்நீர் ஊத்துனா குப்புனு கொப்பரைப் புகை அடிக்கும். மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

புறங்கையில் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஜெகநாதன் அண்ணனுக்குப் போன் போட்டு, முதலில் அனுப்பிய இலையை எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அந்த வருசமா? பாரிஷ் நிக்கவே இல்லையே மேடம்! பதினோரு நாள் விடாத மழை, வெயிலக் கண்ணால பாக்கல. நிழல்ல போட்டா பூஞ்சை பிடிச்சிரும். தேங்காக் கொப்பரை காயவைக்கிற தட்டுல பரப்பி, கீழ மட்டையும் செரட்டையும் போட்டு, ராப்பகலா நானும் வீட்டுக்காரியும் புகை மூட்டம் போட்டோம். ஒரு இலை கெடல. வேலை ஜாஸ்தி, ஆனா உங்ககிட்ட சொல்லிக்கல." அவர் குரலில் அவ்வளவு பெருமை. "நல்லா காஞ்சிருந்துச்சுல்ல?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "ரொம்ப நல்லா காஞ்சிருந்துச்சுண்ணே. எத்தனை நாள் போட்டீங்க? மட்டை எவ்வளவு, செரட்டை எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு கடுஞ்சொல் வரவில்லை. நானாக இருந்தால் கத்தியிருப்பேன், முருகன் மன்னிக்கட்டும்.

பிறகு நாலு மாதம் எலிகளோடுதான் அவர் வாழ்க்கை. கொடி இலையைப் புகையில் காயவைத்துக் கொடுத்தார், வீக்கம் வற்றியது. சம்பந்தமே இல்லாத பலா இலையைப் புகையில் காயவைத்துக் கொடுத்தார், அதற்கும் வற்றியது. நிழலில் காய்ந்த கொடி இலைக்கு வற்றவே இல்லை. ஆக, வேலை செய்தது இலை இல்லை, கொப்பரைப் புகை.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறார் என்றதும் ஆபீஸ் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. மூத்த விஞ்ஞானி பதவிக்கு டில்லியில் நேர்காணல் வர இரண்டு மாதம்தான் இருந்தது. இந்த முறை விட்டால் வயது கடந்துவிடும், மறுபடி வாய்ப்பில்லை. கையில் இருந்த பெரிய பலம் அந்த இருநூற்று அறுபத்து மூன்று. நிர்வாகம் பார்க்கிற சந்திரசேகர் சார் தேநீர் குடிக்கிற சாக்கில் வந்தார்.

"அரே மேடம், ரெண்டு மாசம் சும்மா இருங்க. இண்டர்வியூ முடியட்டும். ஒம்பது வருசம் எவனும் கேக்கல, இப்ப யாரு வந்து கேக்கப் போறா?"

"ஒரு பொண்ணு கேட்டுருச்சே சார்."

"அவளுக்குத் தனியா ஒரு பதில் போட்டுட்டா முடிஞ்சு போச்சு. உலகத்துக்கே தண்டோரா போடணுமா?"

"மிச்சம் இருநூத்தி அறுபத்திமூணு பேரும் அவங்கவங்க லேப்ல யாரைத் திட்டிட்டு இருக்காங்களோ, நமக்குத் தெரியாதுல்ல."

சந்திரசேகர் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களாச்சும் அந்த வாயைக் கொஞ்சம் மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா ஜெயமணியம்மா?" விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் என் கையிலிருந்து ஒரு பீக்கர் நழுவி உடைந்தது. மேடம் குனிந்து என்னோடு சேர்ந்து சில்லுகளைப் பொறுக்கினார். "பீக்கர் ஒடஞ்சா வேற வாங்கலாம் அக்கா. நீங்க சொல்லாம விட்டிருந்தாத்தான் வம்பு" என்றார்.

முதல் கடிதம் மலேசியாப் பெண்ணுக்கு. 'உன் கையில் தவறே இல்லை. என் இலையில்தான் தவறு. இதை உன் பேராசிரியரிடம் காட்டு.' பிறகு கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்களுக்கு. லக்னோக்காரர் போனில் போட்ட சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. ஜப்பான்காரர் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் சம்மதம் என்று ஒரே வரி அனுப்பினார். அது முடிந்ததும், பெயர் சொல்லி எழுதிய அத்தனை பேருக்கும் ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தார். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் தட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். "ஒவ்வொருத்தரும் இதை வச்சு வேற வேற செஞ்சிருக்காங்க அக்கா. யாருக்கு எங்க இடிக்கும்னு வாசிச்சுப் பாத்துத்தான சொல்லணும்." வாசித்து வாசித்து எழுதினார். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. சுவரில் ஒட்டிய பட்டியலில் முடிந்த பெயருக்குப் பச்சைக் கோடு. நான் மாலையில் பெருக்கும்போது கோடுகளை எண்ணுவேன். திருப்புகழ் பாட்டை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் தவறைச் சொல்வதை இப்படி நேர்த்திக்கடன் மாதிரி எண்ணி முடித்த ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை.

நடுவில் டில்லிக்கும் போனார். கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்டார்களாம், கொப்பரைத் தட்டு வரை சொல்லியிருக்கிறார். தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. அன்றைக்கு முருகன் முன்னால் போய் நின்றேன். சொல்ல எண் எதுவும் இல்லை. திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஏழேகாலுக்குக் குடை வாசலில் விரிந்திருந்தது. முதல் குடுவை, மூன்று தடவை, மூன்று தடவை, ஜன்னல் வெளிச்சம். ஆனால் "இனி உங்க ராஜ்ஜியம்" என்று சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. முந்தின நாள் திக்லிபூரிலிருந்து வந்த வேறொரு இலை, இன்னும் எடை போடவில்லை. நோட்டில் எடைக்கு முன்னால் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். அதன் தலைப்பில் தூண்டில் மாதிரி ஒரு எழுத்தில் தொடங்கும் பெயர்.

தட்டை இரண்டு கையாலும் ஏந்தி என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். நான் முகர்ந்து முடிக்கும்வரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் மூச்சை அடக்கி நின்றார்.