பெத்லகேம் போனவன்

மூன்றாவது ராசாவைக் காலணி அலமாரிமேல் நிறுத்தப் போகையில் அதன் வலது கை மேலே போனது. சொடக்கென்று ஒரு சத்தம்.

மரியஅந்தோணி குனிந்தபடியே நின்றார். சொரூபத்தின் கை உடையும். நகராது. கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். சொடக். மறுபடியும் தள்ளினார். சொடக். அதற்குமேல் போகவில்லை. கை இப்போது தலைக்கு மேலே நீண்டு கூரை மின்விசிறியைச் சுட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் ஒட்டியிருந்த தங்கக் காகிதப் பெட்டி தரையில் விழுந்து உருண்டது.

“உடைச்சிட்டியா?” என்றார் உர்சுலா. அவருடைய அக்கா. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“உடையலக்கா.”

“அப்ப ஏன் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ஆளு மாதிரி முழிக்கிற?”

அந்தோணி ராசாவின் பட்டு அங்கியை அடியிலிருந்து ஒரு விரற்கடை தூக்கினார். உள்ளே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பூட்ஸ் தெரிந்தது. விண்வெளிக்காரனின் பூட்ஸ்.

உர்சுலாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இல்லாவிட்டால் தன் பாசிர் ரிஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார். அது அம்மாவின் குடில். அம்மா போனபின் அக்காவிடம் வந்தது. கூடவே அம்மாவின் வழக்கமும் வந்தது. ராசாக்களை எடுத்ததும் மாட்டுக்கொட்டகையில் வைக்கக்கூடாது. அவர்கள் தூர தேசத்துக்காரர்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாசலருகே இருக்கும் காலணி அலமாரியிலிருந்து புறப்படுவார்கள். தினமும் ஒரு சாண் நகர்வார்கள். டிவி மேசை, மீன்தொட்டி, தையல் மிஷின் எல்லாம் கடந்து, மூவிராசாக்கள் திருநாளன்று குழந்தையின் முன் போய் நிற்பார்கள். நகர்த்துவது அம்மா மட்டும். பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது. அந்தோணி தொட்டதே இல்லை. இவ்வளவு வருடமாகக் கிறிஸ்துமஸ் பலகாரத்தைத் தின்றுகொண்டே அந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பூன் லேயில் வீடு. வீட்டுக்குள் கட்டிக் கொடுத்திருக்கும் ஷெல்டரில், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்கான அந்த ஜன்னலில்லாத அறையில், மற்றவர்கள் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைப்பார்கள். அவர் பொம்மைகள் வைத்திருந்தார். இரும்புக் கதவைத் திறந்தால் கண்ணாடி அலமாரி. உள்ளே ‘ஆர்பிட் நைன்’ படை. உள்ளங்கை உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்கள். எண்பதுகளில் வந்தார்கள், சீக்கிரமே நின்றுபோனார்கள். ஒவ்வொரு பொம்மையோடும் சின்னதாக ஒரு காமிக்ஸ் புத்தகம் வரும். அவற்றைத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

படையில் மொத்தம் ஒன்பது பேர். அவரிடம் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் கிடைத்தவன். ஒருவன் ஜோகூரிலிருந்து வந்தவன். இன்னொருவனை வீடு காலிசெய்த ஒரு சீனத் தாத்தா குப்பைப் பையில் கட்டி லிஃப்ட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்பதாவது ஆள் ஓரன், கப்பலுக்கு வழி சொல்பவன். அவனுடைய இடத்தில் காமிக்ஸ் மட்டும் சாய்ந்து நின்றது. மற்றவர்களுக்குத் தோளில் இரண்டு சொடக்கு. ஓரனுக்கு மட்டும் மூன்று. மூன்றாவது சொடக்கில் கை நேராக வானத்தைக் காட்டும்.

காமிக்ஸின் கடைசிப் பக்கத்தை அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கப்பல் வழிதவறி நிற்கிறது. ஓரன் ஒரு வெளிச்சத்தைச் சுட்டிக்காட்டுகிறான். யாரும் நம்பவில்லை. தனியாக இறங்கி நடக்கிறான். முதுகு மட்டும் தெரிகிறது. மீதி அடுத்த இதழில் என்று போட்டிருக்கும். அடுத்த இதழ் வரவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அவரிடம் முதலில் இருந்தது ஓரன்தான். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா வாங்கிக் கொடுத்த ஒரே ஒருவன். ஒன்பது வயதில், ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில், காணாமல் போனான். அந்தோணி கட்டிலுக்கடியில் தேடினார், குப்பைத் தொட்டியில் தேடினார், தரையில் விழுந்து அழுதார். அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: “அவன் பெத்லகேம் போயிருக்கான்டா.”

அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. சாவி காணவில்லையா, பெத்லகேம் போயிருக்கும். ஒற்றைச் சாக்ஸ் பெத்லகேம் போயிருக்கும். வேலையிடத்தில் ஸ்பேனர் கிடைக்காதபோது அந்தோணி இதைச் சொல்லிச் சொல்லி, அவருடைய பங்களாதேஷ் தோழர்களும் ஸ்பேனர் பெத்லகேம் என்று சொல்லப் பழகியிருந்தார்கள்.

இப்போது ராசாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். “அக்கா. அம்மா பொய் சொல்லல.”

“என்ன பொய்?”

பூட்ஸைக் காட்டினார். உர்சுலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ராசாவின் முகத்தைப் பார்த்தார். கறுப்புப் பெயின்ட். தாடியைப் பார்த்தார். பஞ்சு. கிரீடத்தைப் பார்த்தார். பால் டின் தகரத்தை வெட்டி வளைத்தது.

“அம்மாவுக்கப்புறம் கையில எடுத்தப்பவே இது பிளாஸ்டிக்னு எனக்குத் தெரியும். ஆனா ராசான்னுதான்டா நெனச்சேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “அந்த வருஷம் கறுப்பு ராசா கீழ விழுந்து தலை போயிடுச்சு. நான் அப்ப ஸ்கூல்ல செக்கண்டரி ஃபோர். அம்மா ஒரு வார்த்தை பேசல. மறுநாள் பார்த்தா ராசா முழுசா நிக்கிறாரு. ஒட்டியிருப்பாங்கன்னு அப்ப நெனச்சேன்.”

“ஒட்டல.”

“நீ வேற அந்த அழுகை அழுத. பாவி மனுஷி, வாயத் தொறக்கலியே.”

“தொறந்தாங்கக்கா. எங்க போனான்னு சரியா சொன்னாங்க.”

அந்தோணியின் மகள் கேட்லின் அறையிலிருந்து வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ராசாவைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். “அப்பா, சீரியஸ்லி? இத்தனை வருஷமா இவரு அண்டர்கவர்ல இருந்தாரா?”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அந்தோணி கணக்குப் போடவில்லை. ஆனால் ஒன்று மனதுக்குள் விரிந்துகொண்டே போனது. அவர் ஜோகூரில் வெயிலில் பழைய பெட்டிகளைக் கிளறிய அந்த டிசம்பரில் இவன் டிவி மேசையைக் கடந்துகொண்டிருந்தான். அவர் கல்யாணம் முடித்த வருடமும் நடந்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடமும், அக்கா கையால், நடந்தான். கப்பலிலிருந்து இறங்கியவன் நின்றுவிடவில்லை.

“இப்ப எடுத்துட்டுப் போயிடுவியா?” என்றார் உர்சுலா. குரலில் சண்டை இல்லை. பயம் இருந்தது.

“என்னோடதுதானேக்கா. இவன் ஒருத்தன்தான் பாக்கி.”

“உன்னோடதுதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கெளம்பிட்டாரேடா. புள்ளையைப் பாக்காம பாதி வழியில திருப்பிக் கூட்டிட்டுப் போவியா?”

அந்தோணி தங்கக் காகிதப் பெட்டியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராசாவின் கையை மெதுவாக இறக்கி அலமாரிமேல் நிறுத்தினார். “திருநாள் வரைக்கும் இருக்கட்டும்.”

அதன்பின் தினமும் காலையில் உர்சுலா போனில் ஒரு படம் அனுப்பினார். ஊன்றுகோலோடு போய் ஒரு சாண் நகர்த்திவிட்டு எடுத்த படம். அந்தோணி லிஃப்ட் குழியில் நின்று அதைத் திறந்து பார்ப்பார். ஒருநாள் மீன்தொட்டி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தங்கமீன் ராசாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் மூவரும் தையல் மிஷின்மேல் வரிசையாக நின்றார்கள். மாலையில் அவர் ஷெல்டரைத் திறந்து காலியிடத்தைப் பார்ப்பார். மனைவி கேட்டால், ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்பார்.

திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து எல்லாரும் பாசிர் ரிஸ் போனார்கள். உர்சுலா மூன்று ராசாக்களையும் குழந்தையின் முன் வைத்தார். ஜெபம் சொன்னார்கள். பிறகு ஒரு துணிப்பையிலிருந்து புதிய ராசா ஒருவரை எடுத்தார். கடையில் வாங்கியது. மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அந்த ராசா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவரு என்னத்தே, காசு தேடுறாரா?” என்றாள் கேட்லின்.

“சும்மா இருடி. கடையில இவருதான் இருந்தாரு.” உர்சுலா ஓரனைக் கைக்குட்டையில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் முனீராவின் கடை இருந்தது. கீழே பூக்கடையும் நகை அடகுக் கடையும். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காகப் பழைய பொம்மைகள், காமிக்ஸ் கட்டுகள். முனீராவும் சேகரிப்பவர்தான். மார்ச் மாதம் சேகரிப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு ஆர்பிட் நைன் படைக்கென்று நடு மேசையை ஒதுக்கிவைத்திருந்தார். அவருக்குத் தெரிந்து ஒன்பது பேரையும் ஒரே இடத்தில் இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. திருநாளன்று மாலையே அந்தோணி அங்கே போய் நின்றார்.

“உக்காருங்கண்ணே. இந்த அவசரத்துல ஒண்ணும் குடிக்காதீங்க, கொட்டிடுவீங்க.”

கைக்குட்டையைப் பிரித்தார் அந்தோணி. முனீரா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ராசாவைத் தூக்கினார். தோளைத் தள்ளினார். சொடக், சொடக், சொடக். கை கூரையைக் காட்டியது. முனீரா தன்னையறியாமல் நிமிர்ந்து மேலே பார்த்தார். அங்கே குழல்விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அந்தோணியும் பார்த்தார்.

“அல்லாவே,” என்றார் முனீரா மெதுவாக. “இவன்தான் லா.”

“இவன்தான்.”

“முத்திரையைப் பாத்துடலாம். முதுகுல இருக்கும். அது இல்லாம நடு மேசையில வெச்சா மத்தவங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. டூப்ளிகேட்டும் வந்திருக்குண்ணே, தெரியும்ல?”

அங்கியை மெல்ல மேலே சுருட்டினார். முதுகு முழுக்கத் தங்கப் பெயின்ட். கம்பெனி பெயரும் வருடமும் அதற்கடியில். முனீரா பெயின்ட் கரைக்கும் தின்னர் புட்டியைத் திறந்து பஞ்சை நனைத்தார். வாசனை கடையை நிறைத்தது. “கொஞ்சமாத் தொடச்சாப் போதும். ரெண்டு நிமிஷம்.”

“லென்ஸ் குடுங்க. ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

லென்ஸை வைத்துக் குனிந்தார் அந்தோணி. முதலில் தங்க நிறம் மட்டும். பிறகு வரிகள். வட்டத்துக்குள் வட்டமாக, வயலில் உழுத சால்கள் போல. பெயின்ட் காய்வதற்கு முன்னால் யாரோ பிடித்திருக்கிறார்கள். ஒரு கட்டைவிரல். சரியாக முத்திரை இருக்க வேண்டிய இடத்தில். ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாய்ந்த கோடு.

அந்தக் கோடு அவருக்குத் தெரியும். மீன் நறுக்கும்போது அம்மாவின் விரலில் விழுந்த வெட்டு. காய்ச்சல் வந்தால் நெற்றியில் சிலுவை போடும்போது அந்த இடம் மட்டும் சொரசொரவென்று படும்.

கீழே வீதியில் ஏதோ லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. அந்தோணி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாவின் படங்கள் வீட்டில் இருந்தன. புடவை ஒன்று இருந்தது. அம்மாவின் கை எங்குமே இல்லை என்று நினைத்திருந்தார். இங்கே இருந்தது. ராசாவின் முதுகில், உடுப்புக்கடியில், ஒவ்வொரு வருடமும் வாசலிலிருந்து குழந்தைவரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

“என்னண்ணே?”

லென்ஸை நீட்டினார். முனீரா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“யாரோடது?”

“எங்கம்மாவோடது.”

முனீரா பஞ்சைக் கீழே வைத்தார். “தொடச்சா இது போயிடும்.”

“தெரியுது.”

“தொடைக்கலேன்னா முத்திரை தெரியாது. மேசையில வைக்க முடியாது. நான் நம்புறேன், அது வேற.”

அந்தோணி ஓரனைப் பார்த்தார். இத்தனை வருடம் தேடியவன் ஒரு கைதூரத்தில் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். நீல பூட்ஸ், பஞ்சுத் தாடி, தகரக் கிரீடம்.

“மூடிடுங்க முனீரா.”

“நல்லா யோசிச்சிட்டீங்களா? அப்புறம் எட்டுதான்.”

“எட்டுதான்.”

முனீரா தின்னர் புட்டியின் மூடியைத் திருகினார். அங்கியைக் கீழே இழுத்துவிட்டு, சுருக்கங்களை விரலால் நீவினார். “சரி, கையையாவது ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க. மறுபடி எப்ப பாக்கப் போறேன்.”

அந்தோணி தூக்கினார். மூன்று சொடக்கு. இருவரும் மேலே பார்த்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. சிராங்கூனில் ஒரு பிளாக்கில் லிஃப்ட் கதவு மூடாமல் நின்றது. கதவின் அடித்தடத்தில் ஒரு பாட்டில் மூடி சிக்கியிருந்தது. எடுத்தார். மதியம் அங்கேயே கீழே உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார். வேலை முடிந்து பாசிர் ரிஸ் போனார். உர்சுலா குடிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தோணி கைக்குட்டையைப் பிரித்து, ராசாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, குடில் பெட்டியில் மற்ற இரண்டு ராசாக்களின் நடுவில் வைத்தார். புதிய ராசாவையும் வைத்தார்கள். பெட்டி மூடவில்லை. டேப் ஒட்டினார்கள். உர்சுலா தேநீர் போட்டுக் கொடுத்தார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பாதி வழியில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: ராசாவின் தங்கக் காகிதப் பெட்டியைக் காணோம். அந்தோணி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பெட்டியைப் போட்டது வேறு சட்டையில். வீட்டுக்குப் போய்த் தேடுவதாகப் பதில் அனுப்பினார். பூன் லேயில் இறங்கும்போது மழை. வீட்டுக்கு வந்து, ஷெல்டரில் ஈரம் உறிஞ்சும் டப்பாவை மாற்றிவிட்டு, இரும்புக் கதவைச் சாத்தினார்.